குறிப்பேட்டில் ஏறாதவை

மாதத்தின் இரண்டாம் செவ்வாய், இரவு ஏழு மணி.
தீயணைப்பு வண்டிக்குப் பக்கத்து அறையில்
முப்பத்தொரு வருடம் நான் குறிப்பெழுதினேன்:
முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர்,
ஆதரவு இத்தனை, எதிர்ப்பு இத்தனை.
நெப்ராஸ்காவில் ஹாலெக் கிராஸிங் எங்கள் ஊர்.
நானூற்றுப் பன்னிரண்டு பேர், ஒரு தானியக் கிடங்கு,
வியாழன்தோறும் மட்டும் திறக்கிற வங்கி.

லுமிர் வொண்ட்ரா தலைவர் நாற்காலிக்கு
அறுவடை நாளில் தூசியோடே வருவார்.
சுத்தியல் ஒன்று வாங்கிக் கொடுத்திருந்தோம்;
பெட்டியைவிட்டு அது வெளியே வந்ததில்லை.
பேச்சு முற்றினால் பேனாக்கத்தியின் பிடியால்
காபிக் கோப்பையில் ஒரு தட்டு.
அது போதும்.

சட்டைப் பையில் ஒரு குட்டி நோட்டு.
மழை எத்தனை அங்குலம், பன்றி என்ன விலை,
யார் வீட்டு முன் தெருவிளக்கு எரியவில்லை.
விளக்கும் பன்றியும் ஒரே பக்கத்தில்.

அந்த ஏப்ரலில்
தண்ணீர்ப் பரிசோதனை முடிவு வந்தது.
நைட்ரேட் பதினான்கு. பத்தைத் தாண்டினால்
பச்சைக் குழந்தைக்கு ஆகாது என்றது கடிதம்.
ஊரில் அப்போது கைக்குழந்தைகள் மூன்று;
ஒன்று எல்ட்ரெட் கோஸ்டெலின் பேத்தி.
அறை கொள்ளாத கூட்டம்.
மாநிலத்தைத் திட்டினார்கள், குழாயைத் திட்டினார்கள்,
எண்பது வருடக் கிணற்றைத் திட்டினார்கள்.
கிணற்றுக்கு மேட்டில் இருக்கும் வயலை
யாரும் திட்டவில்லை.
யார் வயல் என்று எல்லோருக்கும் தெரியும்.

லுமிர் எழுந்தார். கத்தியை மடக்கினார்.
"மேட்டு வயல் என்னுது.
இருபது வருஷமா மக்காச்சோளத்துக்கு
உரம் கூடத்தான் போட்டேன்.
கடையில் சொன்னதைவிட ஒரு பங்கு அதிகம்.
நல்லா விளைஞ்சுது."
உட்கார்ந்துவிட்டார்.

குறிப்பேட்டில் நான் எழுதியது:
'தலைவர் விளக்கம் அளித்தார்.'

அறுபது ஏக்கர். மக்காச்சோளம் நின்றது,
குதிரைமசால் வந்தது.
ஊர்ப் பணத்தில் ஈடு தரலாம் என்று
எல்ட்ரெட் முன்மொழிந்தார்.
வழிமொழிய ஒருவர் வாயெடுக்கும் முன்
கோப்பையில் ஒரு தட்டு.
"அடுத்த பொருள் என்ன?"

எல்லோரும் மெச்சிவிடவில்லை.
அவர் ஒப்புக்கொண்டதில்
மேட்டு நிலக்காரர் அத்தனை பேர் தலையிலும்
விதிகள் வந்து விழுந்தன.
ஒரு குளிர்காலம் முழுக்க
கிடங்கு ஆபீஸுக்குள் அவர் நுழைந்தால்
சீட்டாட்டம் பாதியில் முடிந்துவிடும்.
நின்றபடி காபி குடித்து
கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போவார்.

டிராக்டர் ஒன்றை விற்றுவிட்டதை
மனைவி அல்பினா என்னிடம்தான் சொன்னாள்,
தபால் நிலையத்தில், தபால்தலை ஒட்டியபடியே,
பழைய நாற்காலி எதையோ விற்றது போல.

அந்தத் தேர்தலில் ஒன்பது ஓட்டில் ஜெயித்தார்.
அதற்கு முன் அவரை எதிர்த்து
யாரும் நின்றதே இல்லை.

பிறகும் பதினோரு வருடம்.
நடைபாதை, கல்லறைத் தோட்டத்துப் புல்,
நூலகத்துக் கூரை ஒழுகல், மறுபடி அதே ஒழுகல்.
பனிப்புயல் இரவுகளில் தெருவைத் தள்ளிவிட
சொந்த வண்டியைக் கொண்டுபோனதற்கு
டீசல் பில் ஒருமுறையும் தரவில்லை.
முதலில் திறப்பது எதிர்த்து நின்றவரின் தெரு.
"என் வழியில் அவன் வீடுதான் முதல்ல வருது."
வராது. நான் இந்த ஊரில் பிறந்தவள்.

பிப்ரவரியில் போனார்.
தேவாலயத்தில் நல்லதாக நிறையச் சொன்னார்கள்.
என் காதில் ஏறியது ஹீட்டர் சத்தம் மட்டும்.

மார்ச் கூட்டத்தில் வருகைப் பெயர் வாசித்தபோது
பழக்கத்தில் அவரையும் கூப்பிட்டுவிட்டேன்.
யாரும் திருத்தவில்லை.
என்ன எழுதுவதென்று தெரியாமல்
அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டேன்.

தண்ணீர் முடிவு அன்று காலைதான் வந்திருந்தது.
ஒன்பது புள்ளி ஆறு.
வாசித்தேன். எல்ட்ரெட் கண்ணாடியைக் கழற்றி
ரொம்ப நேரம் துடைத்தார்.
அடுத்த பொருள்: நாய் உரிமக் கட்டணம்.
விவாதம் நாற்பது நிமிடம் நடந்தது.